பார்க்காத வண்டிக்கு ஒட்டிய ஸ்டிக்கர்

மே 9, வெள்ளி

இன்று அதிசயமாகப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ராஜபாளையத்தில் உட்கார்ந்தவள் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர் தூங்கித் தூங்கி என் தோளில் விழுந்தார். "அண்ணாச்சி, தலகாணிக்குத் தனி டிக்கெட்டு" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

ஆபீஸில் நுழைந்ததும் டைப்பிஸ்ட் பிள்ளை மாரீஸ்வரி, "சீனியர் வந்தாச்சு" என்றாள். போக்குவரத்து ஆபீஸின் இந்தக் கிளையில் உதவியாளர்களில் நான்தான் மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு சீனியர் பட்டம். "பேர நீயே வச்சுக்கோ பிள்ள, உன் சம்பளத்த எனக்குத் தா" என்றேன்.

இன்ஸ்பெக்டர் கௌதம்ராஜ் சார் கூப்பிட்டுச் சொன்னார். "அமிர்தக்கா, புதன்கிழமை ஸ்கூல் பஸ் எல்லாம் மைதானத்துக்கு வருது. ஸ்டிக்கர், துணி, பிளேடு எல்லாம் எடுத்து வச்சுக்கோங்க."

"சார், ஒரு குடையும் ஒரு மோர்ப்பந்தலும் சேத்து எழுதிக்கிடவா?"

சிரிக்கத் தெரிந்த அதிகாரி. இந்த ஆபீஸில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், சிரிக்கிறவர்கள் குறைவு. எங்க வீட்டுக்காரர் தேவஇரக்கம் இங்கேதான் ஜீப் ஓட்டினார். அவர் நெஞ்சு வலியில் போன பிறகு கருணை வேலை என்று எனக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு அழுதுகொண்டே வந்தவள், மறுவாரமே எல்லோரையும் கேலி பேச ஆரம்பித்துவிட்டேன். பேசாமல் இருந்தால் அழுகை வந்துவிடும், அதனால்தான்.

மே 14, புதன்

மைதானத்தில் வெயில் சுட்டெடுத்துவிட்டது.

வேலை இப்படித்தான் நடக்கும். சார் பஸ்ஸில் ஏறி அவசரக் கதவு, மருந்துப் பெட்டி, தீயணைக்கும் சிலிண்டர் எல்லாம் பார்ப்பார். பிறகு டிரைவரை இறக்கிவிட்டு, மைதானத்தின் கடைசி வரை தானே ஓட்டிப்போய் ஓங்கி பிரேக் போடுவார். இறங்கி வந்து தலையாட்டினால், நான் முன்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

அது விதி. வழக்கம் வேறு. சார் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வரிசையில் நிற்கிற அடுத்த வண்டிக்கு நான் ஒட்டி முடித்திருப்பேன். வரிசை வேகமாக நகரும், எல்லோரும் சோற்றுக்கு வீடு போய்ச் சேரலாம். தேறாத வண்டியாக இருந்தால் பிளேடால் சுரண்டிவிடுவேன். முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர்களுக்கும் இது தெரியும், யாரும் வேண்டாம் என்றதில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஐயாதுரை வண்டி வரிசைக்கு வந்தது. கிருஷ்ணன்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சின்ன பஸ் ஓட்டுகிறான். சொந்த ஊர் கூமாப்பட்டி. வருஷா வருஷம் பார்த்துப் பழகி என்னை அக்கா என்கிறான்.

"யக்கா, பிரேக்கப் போட்டா வண்டி செத்த எடது பக்கமா இழுக்கு."

"டீக்கட அந்தப் பக்கந்தானலே இருக்கு. உன் புத்திதான வண்டிக்கும் வரும்."

"அதான பாத்தேன். நீ ஒட்டுக்கா, எனக்குப் பசிக்கு."

துணியால் கண்ணாடியைத் துடைத்து, ஒரு குமிழ் இல்லாமல் கட்டைவிரலால் தேய்த்து ஒட்டினேன். அந்த நேரம் பார்த்து மலைப் பக்கமிருந்து புழுதிக் காற்று, அதன் பின்னாலேயே கோடைமழை. அப்படி ஒரு மழை. சார் கையிலிருந்த காகிதத்தைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு ஓடினார். "மிச்ச வண்டி நாளைக்கு!" என்று கத்தினார். டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் வண்டியை எடுத்தார்கள். நான் ஸ்டிக்கர்க் கட்டை மாராப்புக்குள் வைத்துக் காப்பாற்றினேன். நனைந்த கோழி மாதிரி வீட்டுக்கு வந்ததைப் பார்த்து மகள் எப்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மே 15, வியாழன்

மிச்ச வண்டிகள் வந்தன. ஸ்டிக்கர் இல்லாத வண்டிகள் மட்டும். சாயங்காலம் பாஸான வண்டிகளின் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் சார் கேட்டார்.

"நேத்து ஒட்டினதெல்லாம் நான் பாத்த வண்டிதானக்கா?"

"பின்ன? பாக்காத வண்டிக்கு ஒட்ட எனக்கென்ன சார் வேண்டுதலா?"

அவர் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில், யாரோ ஒருவர் நிறுத்தத்தைத் தவறவிட்டு டிரைவரைப் பார்த்துக் கத்த, அவர் சடக்கென்று பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐயாதுரை வண்டியில் சார் ஏறவே இல்லை.

ஏறவே இல்லை. நான் ஒட்டினேன், மழை வந்தது, அவன் போய்விட்டான். ஸ்டிக்கர் இருக்கிற வண்டி இன்றைக்கு எதுக்கு வரும்?



மே 16, வெள்ளி

இன்று சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்வேன்.

மே 19, திங்கள்

காலையில் சார் அறைக்குப் போனேன். டீ கொண்டுபோகும் சாக்கில்தான்.

"சார், ஒரு வண்டிக்கு நீங்க பாக்காமலே நான் ஒட்டிட்டேன் சார்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "ஒரு வண்டிதானா? நீங்க என் கார்லயே ஒட்டியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"இல்ல சார், நெசமாத்தான்."

"போன மாசமும் நெசமாத்தான் எனக்கு டிரான்ஸ்பர் வந்திருக்குன்னு சொன்னீங்க. என் வீட்டம்மா சாமான் கட்ட ஆரம்பிச்சிட்டா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வெளியே மாரீஸ்வரியும் சிரித்தாள்.

சொன்னேன்தான். ஏப்ரல் ஒன்றாம் தேதி அந்தக் கூத்தை அடித்தவள் நான்தான்.

இன்னொரு முறை அழுத்திச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மாரீஸ்வரியிடம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். வேறு ஏதோ ஜில்லாவில் ஒரு பஸ்ஸைச் சரியாகப் பார்க்காமல் விட்டதற்கு இன்ஸ்பெக்டரையும் உதவியாளரையும் சேர்த்து சஸ்பெண்ட் செய்துவிட்டார்களாம். பதினேழு பி கொடுத்தார்களாம். வேலைக்கே உலை வைக்கிற மெமோ அது. திறந்த வாயை மூடிக்கொண்டு டீ கிளாஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

 

மே 21, புதன்

ஐயாதுரைக்குப் போன் போட்டேன். "ஏலே, உன் வண்டி பிரேக்க ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிரு."

"என்னக்கா, டீக்கடைக்கு வழி மாத்தணுமா?"

"வெளயாடாத."

"யாரு, நானா?" விழுந்து விழுந்து சிரித்தான். "வண்டிய ஸ்கூல் மொதலாளி செட்டுல பூட்டி வச்சிருக்காரு. பள்ளிக்கூடம் தெறக்கும்போது பாப்பம்க்கா. வேல நேரத்துல பேசி ஆபீஸ் பில்ல ஏத்தாத."

எத்தனை வருஷமாக இந்த வாயை வளர்த்தேன். ஒரே ஒரு தடவை நம்ப வைக்க முடியவில்லையே.

மே 25, ஞாயிறு

கோயிலில் ஜெபத்தின்போது கண்ணை மூடினால் கூமாப்பட்டி ரோடு தெரிகிறது. வத்திராயிருப்பு தாண்டியதும் கண்மாய்க் கரை மேலேயே ரோடு வளைகிறது. தடுப்புச் சுவர் கிடையாது. இடது பக்கம் பள்ளம்.

வண்டி இழுப்பதும் எடது பக்கந்தான். கண்ணைத் திறந்துவிட்டேன்.

எப்சி கேட்டாள், "அம்மா, உனக்கு உடம்புக்கு என்ன? பாஸ்டர் பாட்டுல ரெண்டு எடத்துல தப்பா பாடினாரு, நீ ஒண்ணுமே சொல்லலியே." தலைவலி என்றேன்.

மே 30, வெள்ளி

ஆபீஸில் ஒரு யோசனை வந்தது. பெயர் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டால்? மத்தியானம் பஸ் ஸ்டாண்டு வரை போய், அங்கே பழக்கடைக்காரர் போனை வாங்கிப் பண்ணினேன். எடுத்தவர், "எங்க வண்டி எல்லாம் கவர்மெண்டு பாத்து சர்டிபிகேட் குடுத்த வண்டி, யாரும்மா நீங்க?" என்றார்.

கவர்மெண்டு நான்தான் என்று எப்படிச் சொல்ல? வைத்துவிட்டேன். இரண்டு கொய்யா வாங்கி வந்தேன், சாப்பிடவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு.

ஆபீஸுக்குப் போகாமல் நேரே கிருஷ்ணன்கோவில் போய் இறங்கி நின்றேன். காலேஜ் பஸ்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாகப் போயின. அதற்கு நடுவில் ஐயாதுரை வண்டி வந்தது. ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள். புதுச் சட்டை, எண்ணெய் தடவிய தலை, ரிப்பன். முதல் நாள் என்பதால் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

முன்கண்ணாடியில் வெயில் பட்டு ஸ்டிக்கர் மினுங்கியது. ஒரு குமிழ் இல்லை.

ஐயாதுரை என்னைப் பார்த்து ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டே போனான். நான் கையை ஆட்டினேன். அந்தக் கையை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

மலையில் சாரல் இறங்கிவிட்டது. ரோடெல்லாம் ஈரம். ஆண்டவரே.

ஜூன் 4, புதன்

ஆபீஸ் போன் அடிக்கும்போதெல்லாம் யாரும் எடுக்கும் முன் நான் ஓடிப்போய் எடுக்கிறேன். மத்தியானம் ஆம்புலன்ஸ் ஒன்று கத்திக்கொண்டு வடக்கே போனது. ரோட்டுக்கு ஓடிப்போய் நின்றேன், செருப்புப் போடவில்லை. பிரசவக் கேஸாம். மாரீஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். "சீனியர், யாருக்கும் எதுவுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். முதல் முறையாக அவளைக் கேலி பண்ணாமல், 'இல்லை' என்று மட்டும் தலையாட்டினேன். அந்தப் பிள்ளை அதிலேயே பயந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

சாயங்காலம் கிருஷ்ணன்கோவிலில் ஐயாதுரையைப் பிடித்தேன். பிள்ளைகளை ஏற்றப் போவதற்கு முன் டீ குடித்துக்கொண்டிருந்தான். இன்று நான் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

"இன்னும் இழுக்கா?"

"இழுக்கத்தான்க்கா செய்யுது. கூடிருச்சு. மழைக்கு ரொம்ப."

"அப்ப காட்ட வேண்டியதுதானலே!"

"மொதலாளிட்ட சொன்னேன். 'ஆபீசர் பாத்து பாஸ் பண்ணி ஸ்டிக்கரே ஒட்டிட்டாரு, அவர விட உனக்குத் தெரியுமா'ங்காரு. இன்னொருக்கா சொன்னா வேற டிரைவரப் பாத்துக்கிடுவாராம். நான் என்னக்கா செய்ய? கண்மாய் கிட்ட வந்தா ரெண்டாம் கியர்ல ஊந்துதான் வாரேன்."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் நான் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதாகத்தான் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அப்படி இல்லை. என் ஸ்டிக்கர் அங்கே உட்கார்ந்துகொண்டு தினமும் அவன் வாயை அடைக்கிறது. அது இல்லாமல் இருந்தால் அந்த மனுஷன் வண்டியைச் சரி பண்ணியிருப்பார்.

வீட்டுக்கு வந்து எப்சியிடம் சொன்னேன். பாதி சொல்லும்போது, "கத தானம்மா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வேல போயிருமா?"

"போனாலும் போகும்."

"அப்பா வேலம்மா அது."

"அதான்டி பயமா இருக்கு."

 பொறவு அவள் கேட்டாள், "நாளைக்குக் கூமாப்பட்டிக்கு எந்த பஸ்ஸும்மா?"

ஜூன் 6, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதிவிட வேண்டும்.

முதல் பஸ் பிடித்து, வத்திராயிருப்பில் மாறி, கூமாப்பட்டியில் இறங்கினேன். ஐயாதுரை வீட்டு முன்னால் புளியமரத்தடியில் வண்டி நின்றது. அவன் வேப்பங்குச்சியோடு வாய்க்கால் பக்கம் போயிருந்தான். பையிலிருந்து பிளேடை எடுத்து, பம்பரில் ஏறி நின்று சுரண்ட ஆரம்பித்தேன். நல்லா ஒட்டியிருக்கேன், சனியன், வரவே மாட்டேங்குது. விரலில் ரத்தம் வந்தது. பாதி உரிக்கும்போது ஓடி வந்தான்.

"யக்கா! என்ன செய்யுத? கோட்டி பிடிச்சிருச்சா?"

"தள்ளுலே."

"ஸ்டிக்கர் இல்லாம நான் வண்டி எடுக்க முடியாதுக்கா!"

"அதுக்குத்தான்."

என் கையைப் பிடித்தான். நான் அவனைப் பார்த்தேன். என்ன பார்த்தானோ, கையை விட்டுவிட்டான். மிச்சத்தையும் உரித்து எடுத்தேன். அதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரெண்டு மூன்று அம்மாமார்கள் வந்துவிட்டார்கள். "யாரு இந்தப் பொம்பள? பிள்ளைக பரிச்சைக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று சத்தம். பள்ளிக்கூடம் திறந்த ஐந்தாம் நாளே பரிச்சையாம்! வேற நாளாக இருந்தால் அந்த அம்மாளை விட்டிருப்பேனா? இன்று வாய் திறக்கவில்லை. வண்டிக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். 

சாருக்குப் போன் போட்டேன். "சார், நான் அமிர்தவல்லி. கூமாப்பட்டில நிக்கேன். ஐயாதுரை வண்டிய நீங்க பாக்கல சார். நான் ஒட்டிட்டேன். இப்ப சுரண்டிட்டேன். நான் வெளயாடல சார்."

 "வாரேன்" என்றார்.

வந்தார். யாரிடமும் பேசவில்லை. ஏறி உட்கார்ந்து, ஊருக்கு வெளியே ஆளில்லாத ரோட்டில் ஓட்டிப்போய் பிரேக் போட்டார். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பின்பக்கம் அப்படியே விசிறியடித்து, முன் சக்கரம் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி நின்றது. அவர் உடனே இறங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் பிடிமானமே இல்ல சார். எடது ஒண்ணுதான் இம்புட்டு நாளும் நிப்பாட்டியிருக்கு" என்றான்.

அம்மாமார்கள் இதற்கு முன்பே பிள்ளைகளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திட்டிக்கொண்டே போய்விட்டார்கள்.

திரும்பும்போது ஜீப்பில் சார் கேட்டார்.

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னேன் சார். சிரிச்சீங்க."

 கண்மாய்க் கரை வளைவில் டிரைவர் வேகத்தைக் குறைத்தபோது சார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் யு.கே.ஜி. படிக்கிற மகன் இருக்கிறான்.

ஜூன் 10, செவ்வாய்

மெமோ வந்துவிட்டது. மாரீஸ்வரிதான் டைப் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள், கண்ணைப் பார்க்காமல். பதினேழு பி இல்லை, ஏ. சின்ன அடிதான், வேலை போகாது. சார் தன் தவறையும் சேர்த்து மேலே எழுதிவிட்டார் என்று அவள்தான் சொன்னாள். சாருக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. அந்தப் பயம் புதிதாகச் சேர்ந்துகொண்டது.

விளக்கம் எழுதித் தரட்டுமா என்று எப்சி கேட்டாள். வேண்டாம் என்றேன். நானே எழுதினேன். 'சார் பார்க்காத வண்டிக்கு ஒட்டினேன். பயந்து மறைத்தேன். பிறகு உரித்தேன்.' இதற்கு மேல் என்ன எழுத?

ஜூன் 18, புதன்

என்னை மைதான வேலையிலிருந்து எடுத்துவிட்டு தபால் பிரிவில் போட்டுவிட்டார்கள். சார் இன்னும் ஆபீஸில்தான் இருக்கிறார். வணக்கம் சொன்னால் வணக்கம் சொல்கிறார், அவ்வளவுதான். அவர் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. நானும் சிரிக்க வைக்க முயலவில்லை. ஐயாதுரை போனை எடுப்பதில்லை. வேறு டிரைவர் போட்டுவிட்டார்களோ என்று விசாரிக்கப் பயமாக இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அம்மாள், மடியில் காலிக் கூடை. ராஜபாளையம் மாம்பழ மண்டிக்குப் போகிறாளாம். பெயர் சுடலையம்மாள். ஊர் கூமாப்பட்டி என்றதும் நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவள் விடவில்லை.

"எங்க ஊருக்கு ஒரு பொம்பள வந்து ஸ்கூல் பஸ்ஸு ஸ்டிக்கரக் கிழிச்சு எறிஞ்சிட்டாளாம்க்கா. நான் அன்னைக்குத் தோப்புல இருந்தேன், இல்லன்னா கொண்டையப் பிடிச்சிருப்பேன். ஒரு வாரம் பிள்ளைகள ஆட்டோல அனுப்பி, அடேயப்பா, என்னா அலைச்சல்ங்க!"

"எதுக்குக் கிழிச்சாளாம்?"

"பிரேக்கு சரியில்லன்னு சொல்லுதாக. அதெல்லாம் இம்புட்டு நாளும் ஓடத்தான செஞ்சுது? அவ கிறுக்கச்சி."

"இப்ப வண்டி வருதா?"

"வருது, வருது. திங்கக்கெழமைலருந்து வருது. அதே ஐயாதுரைதான். எம்மவ ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கிட்டுல்லா ஏறுதா."

வெளியே பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் துடைத்தால் கேட்பாள் என்று துடைக்கவில்லை, காற்றுக்குக் காயட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நீங்களே சொல்லுங்கக்கா," என்று என் முழங்கையை இடித்தாள். "அந்தப் பொம்பள நல்லா இருப்பாளா?"

"எங்குட்டு இருப்பா?" என்றேன். "மூஞ்சியப் பாத்தாலே தெரியும், அவ சரியான வாயாடியா இருப்பா. வீட்டுல ஒரு வேல செய்ய மாட்டா. ஆபீஸ்ல போயி சும்மா உக்காந்து டீ குடிச்சிட்டு வாரவளா இருப்பா."

"அப்பிடிச் சொல்லுங்க!"

ராஜபாளையம் வரும் வரை ரெண்டு பேரும் சேர்ந்து அவளைத் திட்டித் தீர்த்தோம்.